முட்டை சுமக்கிறது, குஞ்சு நிற்கவில்லை: வீட்டுத் தொட்டியில் இறால் பெருக என்ன வேண்டும்?

கேள்வி இதுதான்: 30 லிட்டர் தொட்டியில் செர்ரி இறால் வளர்க்கிறீர்கள். பெண் இறால்கள் ஒழுங்காக முட்டை சுமக்கின்றன. ஆனால் குஞ்சு என்று ஒன்றுகூடத் தேறவில்லை. இடையிடையே பெரிய இறால்களும் செத்துப்போகின்றன. தொட்டியில் நான்கு கப்பி மீன்களும் உண்டு. வாரம் தவறாமல் பாதித் தண்ணீரை மாற்றி, கண்ணாடி, கல், ஃபில்டர் எல்லாவற்றையும் கழுவிப் பளிச்சென்று வைக்கிறீர்கள். எங்கே பிசகுகிறது, அமானோ இறாலையும் இதே தொட்டியில் குஞ்சு பொரிக்க வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முட்டை சுமக்கிறது என்றாலே தண்ணீர் படுமோசமில்லை என்று தெரிகிறது. தாங்க முடியாத தண்ணீரில் பெண் இறால் சினைப்படாது. செர்ரி இறாலை இனப்பெருக்கம் செய்ய வைக்கத் தனி வித்தை எதுவும் கிடையாது. ஆணும் பெண்ணும் ஒரே தொட்டியில் பயமில்லாமல் இருந்தால் தானாக நடக்கும். நாம் மெனக்கெட வேண்டியதெல்லாம் பிறந்த குஞ்சு முதல் மூன்று நான்கு வாரத்தைத் தாண்டுவதற்குத்தான். அந்த வாரங்களைக் கெடுக்கிற மூன்று விஷயமும் உங்கள் கேள்வியிலேயே இருக்கின்றன: கப்பி, பாதித் தண்ணீர் மாற்றம், பளிச்சென்று கழுவுவது. ஒவ்வொன்றாக வருகிறேன். அதற்கு முன் இறாலின் உடம்பில் நடப்பதைத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதில் பிடிபடும்.

செர்ரி இறாலின் அறிவியல் பெயர் நியோகாரிடினா டேவிடி. தைவான், சீனா, கொரியா பக்கத்து நன்னீர் ஓடைகளுக்கு உரியது. இயற்கையில் அது பழுப்பும் கண்ணாடி நிறமுமாகக் கண்ணுக்கே தெரியாமல் இருக்கும். கடையில் பார்க்கிற சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு எல்லாம் தலைமுறை தலைமுறையாக நிறம் பார்த்துப் பொறுக்கி எடுத்து உருவாக்கியவை. வீட்டுத் தொட்டிக்கு இது இவ்வளவு பொருந்துவதற்கு ஒரே காரணம், இதன் வாழ்க்கை முழுவதும் நன்னீரிலேயே முடிந்துவிடுகிறது. முட்டையிலிருந்து வருவது மிதந்து திரியும் புழுப்பருவம் கிடையாது. அப்பா அம்மாவை அப்படியே சுருக்கி வைத்தது மாதிரி, சுமார் 2 மில்லிமீட்டர் நீளத்தில் முழு இறாலாகவே வெளியே வரும்.

பெண்ணை அடையாளம் காண்பது எளிது. ஆணைவிடப் பெரிதாக, நிறம் அழுத்தமாக இருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் வயிற்றின் கீழ்விளிம்பு வளைந்து அகலமாக இறங்கியிருக்கும். ஆணுக்கு அது நேர்கோடாக ஒல்லியாக இருக்கும். வளர்ந்த பெண்ணின் தலைக்குப் பின்னால், முதுகின் மேல்பகுதியில் மஞ்சளாகவோ பச்சையாகவோ ஒரு திட்டு தெரியும். சேணம் என்பார்கள். அதுதான் சினைப்பையில் முதிர்ந்துகொண்டிருக்கும் முட்டை. ரொம்ப அடர்த்தியான சிவப்பில் வெளியே தெரியாமலும் போகலாம். பின்னால் வெளிச்சம் படும்படி பார்த்தால் தெரியும்.

அந்த முட்டை முதிர்ந்ததும் பெண் தன் ஓட்டைக் கழற்றும். கழற்றிய சூட்டோடு தண்ணீரில் ஒரு வேதிப்பொருளை விடும். உடனே தொட்டியில் இருக்கிற ஆண்கள் எல்லாம் மேயும் வேலையை விட்டுவிட்டு மேலும் கீழுமாகப் பறக்க ஆரம்பிக்கும். முதல்முறை பார்ப்பவர்கள் தண்ணீரில் விஷம் கலந்துவிட்டதோ என்று பதறிப்போவார்கள். வளர்ந்த ஆண்கள் மட்டும் வேகமாகச் சுற்றி, பெண்கள் எல்லாம் சாவகாசமாக மேய்ந்துகொண்டிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. பெண்கள், குட்டிகள் என்று எல்லாமே சேர்ந்து துடித்தால்தான் தண்ணீரில் கோளாறு.

இணை சேர்ந்தபின் முட்டைகள் வயிற்றுக்கடியில் உள்ள நீந்துகால்களுக்கு இறங்கும். பொதுவாக 20 முதல் 30 முட்டை இருக்கும். முதல் ஈற்றில் குறைவாகவே இருக்கும். அதற்குப் பிறகு அந்தத் தாயைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். நீந்துகால்களை ஓயாமல் முன்னும் பின்னும் வீசிக்கொண்டிருக்கும். அவ்வப்போது நிறுத்தி, பின்காலை உள்ளே விட்டு முட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவித் திருப்பும். முட்டைக்கு ஆக்சிஜன் போகவும் பூஞ்சை பிடிக்காமல் இருக்கவும்தான் இத்தனை உழைப்பும். கெட்டுப்போன முட்டையை அதுவே எடுத்து எறிந்துவிடும். தண்ணீர் 25 டிகிரி வாக்கில் இருந்தால் மூன்றிலிருந்து நான்கு வாரத்தில் பொரியும். குளிர்ந்த தண்ணீரில் நாள் கூடும். கடைசி நாட்களில் முட்டைக்குள் இரண்டு கரும்புள்ளி தெரியும். அவை குஞ்சின் கண்கள். அது தெரிந்துவிட்டால் முட்டை கருவுற்று நன்றாக வளர்ந்திருக்கிறது என்று பொருள்.

ஆகவே முதலில் நீங்கள் பார்க்க வேண்டியது, கண்புள்ளி வரும்வரை முட்டை வயிற்றில் தங்குகிறதா, பாதியிலேயே காணாமல்போகிறதா என்பதை. பாதியில் காணாமல்போனால் ஆண் இல்லை, அல்லது தண்ணீரில் திடீர் மாற்றம், அல்லது இடம் மாற்றிய அதிர்ச்சி. புதிதாகச் சினைப்படும் இளம்பெண் முதல் தடவை முட்டையை உதறிவிடுவது சகஜம். அதை வைத்து எதையும் முடிவுசெய்ய வேண்டாம். கண்புள்ளி வந்து, ஒருநாள் காலையில் வயிறு காலியாக இருந்தால் குஞ்சு பிறந்துவிட்டது. அதற்குப் பிறகு கண்ணில் படவில்லை என்றால் அது தொட்டிக்குள்தான் செத்திருக்கிறது, அல்லது யார் வயிற்றுக்குள்ளோ போயிருக்கிறது.

கப்பியின் வயிற்றுக்குள் என்பதே முதல் சந்தேகம். கப்பி சாது மீன் என்பது பெரிய இறாலைப் பொறுத்தவரை உண்மை. 2 மில்லிமீட்டர் குஞ்சு அதன் வாய்க்குள் கச்சிதமாக அடங்கும். நியான் டெட்ரா, பெட்டா, கௌராமி, ஏஞ்சல் என்று வாய்க்குள் கொள்ளும் எதையும் தின்கிற மீன் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பாசி மட்டுமே மேயும் ஓட்டோசிங்க்லஸ் மாதிரி ஒன்றிரண்டு மீன்கள்தான் விதிவிலக்கு. அடர்த்தியாகச் செடி வைத்தால் மீன் தொட்டியிலும் சில குஞ்சு தப்பும் என்பார்கள். தப்பும்தான். ஆனால் மீன் இருக்கும் தொட்டியில் பெரிய இறால்களும் ஒளிந்தே வாழும். பகலில் வெளியே வந்து மேயாது, நிறம் வெளிறும், சினைப்படுவதும் குறையும். பெருக்குவதுதான் நோக்கம் என்றால் அந்தத் தொட்டி இறாலுக்கு மட்டும் இருக்கட்டும். கப்பிகளை இன்றைக்கே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள்.

அடுத்தது பளிச். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மீன் வளர்த்துப் பழகியவர்கள் இறாலில் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

கல், கட்டை, இலை, கண்ணாடி என்று தண்ணீரில் கிடக்கும் எல்லாவற்றின் மேலும் நாளாக ஆகக் கொழகொழப்பான ஒரு மெல்லிய படலம் படியும். பாக்டீரியா, நுண்பாசி, பூஞ்சை, ஒற்றைச்செல் உயிர்கள் எல்லாம் சேர்ந்த படலம். பயோஃபிலிம் என்பது இதைத்தான். இறால் நாள் முழுக்கக் கையால் எதையோ கிள்ளிக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது இந்தப் படலத்தைத்தான் மேய்கிறது. பெரிய இறாலுக்கு நீங்கள் தீவனம் போட்டால் தொட்டியின் அந்தக் கோடியிலிருந்துகூட வாசம் பிடித்து ஓடிவரும். புதிதாகப் பிறந்த குஞ்சு அப்படி வராது. எந்த இலையில் ஒட்டிக்கொண்டதோ அந்த இலையையே சில நாள் சுரண்டிக்கொண்டிருக்கும். நின்ற இடத்தில் சோறு இருந்தால் பிழைக்கும், இல்லையென்றால் பட்டினி. நீங்கள் வாரத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவும்போது குஞ்சுகளின் மேய்ச்சல் நிலத்தையே வழித்து வெளியே ஊற்றுகிறீர்கள்.

அதனால் முன்பக்கக் கண்ணாடியைப் பார்வைக்காக மட்டும் துடையுங்கள். பின்பக்கம், பக்கவாட்டுக் கண்ணாடிகளில் பாசி படிந்தால் படியட்டும். கட்டையின் மேல் வெள்ளைப் பஞ்சாக ஏதாவது வளர்ந்தால் அதையும் விட்டுவிடுங்கள், இறால்களே மொய்த்துத் தின்றுவிடும். தொட்டிக்குள் ஜாவா மாஸ் என்ற நீர்ச்செடி தாராளமாக இருக்கட்டும். மாஸின் நுண்ணிய இழைகள் ஒவ்வொன்றிலும் படலம் படியும், கழிவுத் துணுக்கு தங்கும், குஞ்சுக்கு உணவும் மறைவிடமும் ஒரே இடத்தில் கிடைக்கும். காய்ந்து உதிர்ந்த நாட்டு வாதுமை மர இலை ஒன்றிரண்டைப் போட்டு வையுங்கள். இலை மெல்ல மெல்ல மக்கும்போது அதன் மேல் வளரும் படலத்தைக் குஞ்சுகள் விடாமல் மேயும். கடைசியில் நரம்பு மட்டும் சல்லடையாக மிஞ்சும். அப்போது அடுத்த இலை போட்டால் போதும்.

புதுத்தொட்டியில் குஞ்சு நிற்காததும் இதே காரணத்தால்தான். தொட்டி தயாராக இரண்டு கட்டம் உண்டு. முதல் கட்டம் சைக்ளிங். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா குடியேறுவதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும்வரை ஒரு இறால்கூட உள்ளே போகக் கூடாது. இரண்டாவது கட்டம் இந்தப் படலம் தடித்து வருவது. அதற்கு இன்னும் ஒன்றிரண்டு மாதம் பிடிக்கும். கடையில் பாக்டீரியா பாட்டில், பொடி என்று நிறைய விற்கிறார்கள். அவற்றில் சில கொஞ்சம் உதவும், ஆனால் காலத்துக்கு மாற்று எதுவும் கிடையாது என்பதே என் உறுதியான கருத்து. காலியாகக் கிடக்கும் தொட்டியில் மாஸும் நத்தையும் போட்டு இரண்டு மாதம் சும்மா ஓட விடுகிறவரிடம் இறால் பெருகும்.

மூன்றாவது, பாதித் தண்ணீர் மாற்றம். பெரிய இறால்கள் சாவதற்கும் இதுவே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அது புரிய, தோலுரிப்பைப் பார்க்க வேண்டும்.

இறாலுக்கு எலும்பு வெளியே. அந்த ஓடு வளராது. ஆகவே வளர வேண்டுமென்றால் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைக் கட்டிக்கொள்ள வேண்டும். குஞ்சுகள் சில நாளுக்கு ஒருமுறை கழற்றும், பெரியவை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை. சரியாக நடந்தால் தலைப்பகுதி ஓடும் வயிற்றுப்பகுதி ஓடும் சேரும் இடத்தில், முதுகுப்பக்கம் மட்டும் ஒரு வெடிப்பு விழும். இறால் அந்த வழியாக ஒரே உதறலில் வெளியே குதித்துவிடும். பின்னால் கிடப்பது மீசை, கால் நுனி வரை முழுசாக இருக்கும் கண்ணாடிக் கூடு. செத்த இறால் என்று பலர் அதை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். எடுக்காதீர்கள், அதிலுள்ள கால்சியத்துக்காக இறால்களே அதைத் தின்னும். செத்த இறால் என்றால் வேகவைத்தது மாதிரி இளஞ்சிவப்பாகவோ பாலாகவோ ஒளி ஊடுருவாமல் இருக்கும். அதை மட்டும் உடனே எடுங்கள்.

தவறாக நடந்தால் வெடிப்பு முதுகில் மட்டும் விழாமல், உடம்பைச் சுற்றி வெள்ளை வளையமாகத் தெரியும். உள்ளே இருக்கும் இறாலால் எந்தப் பக்கமும் வெளியே வர முடியாது. அப்படியே சில மணி நேரம் போராடிச் செத்துப்போகும். வெள்ளை வளையம் தெரிந்தபின் காப்பாற்றுவது அநேகமாக நடக்காது. தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் போதாவிட்டால் இது நடக்கும். அடிக்கடி நிறையத் தண்ணீர் மாற்றினாலும் நடக்கும். தண்ணீரின் உப்பு அளவும் வெப்பமும் சட்டென்று மாறும்போது, புது ஓடு தயாராகும் முன்பே இறால் அவசரப்பட்டுக் கழற்றத் தொடங்கிவிடும். தண்ணீர் மாற்றிய அடுத்த ஓரிரு நாளில்தான் சாவு வருகிறதா என்று ஒரு தாளில் தேதி போட்டுக் குறித்து வாருங்கள். அப்படி இருந்தால் இதுதான் காரணம்.

ஆகவே பத்துப் பதினைந்து சதவீதம், வாரத்துக்கு ஒருமுறை அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். புதுத் தண்ணீரின் வெப்பமும் டிடிஎஸும் (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) தொட்டித் தண்ணீருக்கு அருகில் இருக்க வேண்டும். கொட்டாமல், காற்றுக்குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கி கட்டாயம். ஒருநாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்பது சரி, ஆனால் குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமைன் கலந்த தண்ணீரில் அந்த வழி செல்லாது.

செர்ரி இறாலுக்கு எண்களைச் சொல்லிவிடுகிறேன். பிஎச் 6.5 முதல் 8 வரை, ஜிஎச் 6 முதல் 10 வரை, கேஎச் 2 முதல் 8 வரை, டிடிஎஸ் 150 முதல் 250 வரை, நைட்ரேட் 20-க்குள். ஜிஎச் தான் கால்சியமும் மெக்னீசியமும். ஓடு கட்டுவதற்கான சரக்கு அதுவே. கேஎச் பிஎச் ஆடாமல் பிடித்துக்கொள்ளும். டிடிஎஸ் எல்லா உப்புகளின் மொத்தக் கணக்கு. அது 200 என்று காட்டினாலும் அதில் கால்சியம் எவ்வளவு என்று சொல்லாது, அதனால் டிடிஎஸ் மீட்டரை மட்டும் நம்பி ஜிஎச் சோதனையை விட்டுவிடக் கூடாது. இந்த எல்லைக்குள் எங்காவது நிலையாக நிற்பது, சரியான எண்ணைத் துரத்திக்கொண்டு தினம் ஏதாவது கலப்பதைவிட எவ்வளவோ மேல். வீட்டில் வரும் தண்ணீர் ரொம்பக் கடினமாக இருந்தால் ஆர்ஓ தண்ணீரில் இறாலுக்கென்று விற்கும் தாது உப்பைக் கலந்து பயன்படுத்தலாம். வெறும் ஆர்ஓ தண்ணீரை அப்படியே ஊற்றி இறால் வளர்க்க முடியாது, அதில் ஓடு கட்ட ஒன்றும் இல்லை.

ஆனால் ஆவியாகிக் குறையும் தண்ணீரை ஈடுகட்ட மட்டும் வெறும் ஆர்ஓ தண்ணீர்தான் சரி. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும். ஒவ்வொரு முறையும் குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்பினால் மாதக்கணக்கில் டிடிஎஸ் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டே போகும்.

வெப்பம் 22 முதல் 26 டிகிரிக்குள் இருந்தால் இனப்பெருக்கம் நன்றாக நடக்கும். 28 வரை சமாளிக்கும். 30-ஐத் தாண்டினால் முட்டையை உதறுவதும் சாவதும் தொடங்கும். வெப்பம் கூடும்போது ஆக்சிஜன் கரையும் அளவு குறைகிறது: 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம், 30 டிகிரியில் 7.5. அதே நேரம் இறாலுக்கும் பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் தேவை கூடிவிடுகிறது. வெயில் காலத்தில் தொட்டியின் மேல்பரப்பில் படும்படி ஒரு சின்ன மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். அப்போது ஆவியாவது கூடும், முன்னால் சொன்ன ஆர்ஓ தண்ணீர் இங்கே இன்னும் முக்கியம். அப்புறம், காற்று பம்ப் இராத்திரியிலும் ஓடட்டும்.

ஃபில்டர் என்ன வகை என்று நீங்கள் சொல்லவில்லை. தண்ணீரை உறிஞ்சும் வாயுள்ள ஃபில்டர் என்றால் குஞ்சுகள் அதற்குள்தான் போயிருக்கும். வாயில் நுண்துளை ஸ்பாஞ்ச் மாட்டுங்கள். என்னைக் கேட்டால் இறால் தொட்டிக்குக் காற்றில் ஓடும் சாதாரண ஸ்பாஞ்ச் ஃபில்டரைவிட நல்லது எதுவுமில்லை. குஞ்சை இழுக்காது, அதோடு ஸ்பாஞ்சின் மேல் படியும் கழிவிலேயே குஞ்சுகள் ஏறி மேயும். அதைக் கழுவ வேண்டிவந்தால், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் இரண்டு முறை பிழிந்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுங்கள். குழாயடியில் காட்டினால் அதிலுள்ள பாக்டீரியா செத்துவிடும், அம்மோனியா ஏறும்.

விஷம் பற்றி ஒரு வார்த்தை. இறாலின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் பொருளான ஹீமோசயனினில் இருப்பது தாமிரம். உடம்புக்குத் தாமிரம் தேவைதான், ஆனால் தண்ணீரில் கரைந்த தாமிரம் மிகக் குறைந்த அளவிலேயே கொன்றுவிடும். மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய்க்கு ஊற்றும் மருந்து, நத்தை ஒழிக்கும் மருந்து பலவற்றில் தாமிரம் உண்டு. தீவனப் பொட்டலத்தில் எழுதியிருக்கும் நுண்ணளவு தாமிரத்தைக் கண்டு பதற வேண்டாம், அது வேறு. பெரிய ஆபத்து பூச்சிமருந்து. கொசு ஸ்ப்ரே, கரப்பான் ஸ்ப்ரே போன்றவற்றில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகளுக்குப் பூச்சியும் இறாலும் ஒன்றுதான், இரண்டும் கணுக்காலிகள். தொட்டியை மூடியிருக்கிறேனே என்று சும்மா இருக்க முடியாது. காற்று பம்ப் அறையின் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள்தான் ஊதுகிறது. அந்த அறையில் தெளிப்பதை நிறுத்துங்கள். புதுச் செடி வாங்கினாலும் பண்ணையில் மருந்து தெளித்ததாக இருக்கலாம். ஒரு வாரம் தனி வாளியில் போட்டு, தினமும் தண்ணீர் மாற்றி, பிறகு தொட்டியில் சேர்க்கலாம்.

தீவனத்தில் நான் கஞ்சன். நன்றாகப் படலம் பிடித்த தொட்டியில் வாரத்துக்கு மூன்று முறை, இரண்டு மணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவு போதும். வேகவைத்த கீரை, சுரைக்காய்த் துண்டு, இறாலுக்கென்று வரும் வில்லை எதுவானாலும் சரி. மிச்சம் கிடந்தால் எடுத்துவிட வேண்டும். குஞ்சு பொரித்திருக்கும் வாரங்களில் மட்டும், குஞ்சுகளுக்கான பொடித் தீவனத்தை ஒரு சிட்டிகைக்கும் குறைவாகத் தண்ணீரில் கரைத்து மாஸின் மேல் பரப்பலாம். அது பல இடத்தில் படிவதால் நகராத குஞ்சுக்கும் கிடைக்கும். அளவு மீறினால் தண்ணீர் கெடுவதோடு வேண்டாத விருந்தாளிகளும் பெருகும்.

அந்த விருந்தாளிகளில் எது தீங்கு, எது தீங்கில்லை என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். கண்ணாடியில் தத்தித் தத்தி ஓடும் வெள்ளைப் புள்ளிகள், தண்ணீரில் நெளியும் நூல் போன்ற மெல்லிய புழுக்கள், நத்தைகள் இவற்றால் கெடுதல் இல்லை. தீவனம் கூடிவிட்டது என்று அவை சொல்கின்றன, அவ்வளவுதான். பிளனேரியா என்ற புழு வேறு. தட்டையாக, கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு போகும், தலை அம்பு முனை மாதிரி முக்கோணமாக இருக்கும், இரண்டு கண்புள்ளி தெரியும். குஞ்சுகளையும், தோலுரித்துத் தளர்ந்து கிடக்கும் இறாலையும் தாக்கும். இறைச்சித் துணுக்கு வைத்த பொறியில் பிடிக்கலாம். நிறைய இருந்தால் ஃபென்பெண்டசோல் மருந்து இறாலுக்குப் பாதகமில்லாமல் அதைக் கொல்லும், ஆனால் நெரைட் போன்ற சில நத்தைகளும் சாகும், அவற்றை முன்பே எடுத்துவிட வேண்டும். ஹைட்ரா கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கைகளை விரித்தபடி நிற்கும். புதுக்குஞ்சை அதுவும் பிடிக்கும், அதே மருந்துக்குச் சாகும். எல்லாவற்றையும்விட மோசமானது தட்டான், ஊசித்தட்டான் இவற்றின் தண்ணீர்ப் பருவக் குஞ்சு. செடியோடு முட்டையாக வந்துவிடும். ஒன்றே ஒன்று இருந்தாலும் குஞ்சுகளை எல்லாம் தின்று தீர்க்கும். இராத்திரி டார்ச் அடித்துச் செடிகளுக்கு நடுவே தேடி, பார்த்த உடனே வலையில் எடுத்துவிடுங்கள்.

முட்டை என்று நினைத்து ஏமாறும் ஒன்றும் உண்டு. நீந்துகால்களுக்கு நடுவே பச்சையும் மஞ்சளுமாகப் பஞ்சு போல் ஏதாவது வளர்ந்திருந்தால், உருண்டை உருண்டையாகத் தெரியவில்லை என்றால், அது ஒட்டுண்ணி. ஆண் இறாலிலும் வரும். பார்த்ததும் தனித்தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். அந்த இறால் செத்தால் உடலை மற்றவை தின்பதற்குள் எடுத்துவிட வேண்டும்.

நிறம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பெருக ஆரம்பித்தபின் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். சிவப்பு, மஞ்சள், நீலம் எல்லாமே ஒரே இனம். ஒரே தொட்டியில் விட்டால் கலந்து, சில தலைமுறையில் பெரும்பாலானவை காட்டு நிறமான பழுப்புக்கே திரும்பிவிடும். ஒரு தொட்டிக்கு ஒரு நிறம். அதிலும் நிறம் வெளிறியவற்றை அவ்வப்போது எடுத்து வேறு தொட்டியில் விட்டுக்கொண்டே இருந்தால்தான் மீதியின் நிறம் தரமாக நிற்கும். ஆனால் முதல் ஆறு மாதம் பொறுக்கவே பொறுக்காதீர்கள், கூட்டம் நிலைக்கட்டும். குஞ்சு பெரிதாகிச் சினைப்பட இரண்டரை, மூன்று மாதம் ஆகும். ஒரு இறாலின் ஆயுளே ஒன்றிலிருந்து இரண்டு வருடம்தான். வாங்கும்போது பெரிதாக, நிறமாக இருப்பதைத் தேடாமல், இளசாகப் பத்துப் பதினைந்து வாங்குவது நல்லது என்பதற்கும் அதுதான் காரணம். இளசுகள் புதுத் தண்ணீருக்கும் எளிதாகப் பழகும்.

கிரிஸ்டல் ரெட் போன்ற காரிடினா வகை இறால்களைச் செர்ரியோடு சேர்த்து வளர்க்கலாமா என்றும் பலர் கேட்பார்கள். அவை கலக்காது, ஆனால் இரண்டுக்கும் வேண்டிய தண்ணீர் வேறு. ஜப்பானில் ஹிசாயாசு சுசுகி 1990-களில் தேனீ இறால் எனப்படும் கறுப்பு இறால்களுக்கு நடுவே வந்த சிவப்பைப் பொறுக்கி உருவாக்கிய வகை கிரிஸ்டல் ரெட். அமிலத்தன்மையுள்ள மென்மையான தண்ணீர் வேண்டும்: பிஎச் 5.5 முதல் 6.8, கேஎச் பூஜ்யம் அல்லது 1. செர்ரியில் ஒரு வருடம் கை பழகியபின் பார்த்துக்கொள்ளலாம்.

அமானோ இறாலுக்கு வருகிறேன். காரிடினா மல்டிடென்டேட்டா என்ற இந்த இறாலைத் தொட்டிப் பாசியைத் தின்னும் வேலைக்குப் பிரபலமாக்கியவர் ஜப்பானின் தகாஷி அமானோ. இது உங்கள் தொட்டியில் முட்டை சுமக்கும், ஆயிரக்கணக்கில் சுமக்கும், பொரிக்கவும் செய்யும். ஆனால் வருவது குஞ்சு இறால் கிடையாது, மிதக்கும் லார்வா, அதாவது புழுப்பருவம். இயற்கையில் அது ஓடையோடு அடித்துப்போய்க் கடலில் சேர்ந்து, அங்கே வளர்ந்து, இறால் உருவம் எடுத்தபின் மறுபடி ஆற்றுக்கு ஏறி வரும். நன்னீரிலேயே வைத்திருந்தால் சில நாளில் செத்துவிடும். ஆகவே இதே தொட்டியில் என்ற கேள்விக்கு விடை, முடியாது. முயல வேண்டுமென்றால், பொரிக்கும் சமயத்தில் தாயைத் தனிப் பாத்திரத்துக்கு மாற்றி, பொரித்ததும் தாயை எடுத்துவிட்டு, லார்வாக்களைக் கடல் மீன் தொட்டிக்கான உப்புக் கலந்த தண்ணீருக்கு மாற்ற வேண்டும். உப்பு லிட்டருக்கு 30 முதல் 35 கிராம். சமையல் உப்பு உதவாது. உணவு பச்சை நுண்பாசி, அதையும் தனியாக வளர்த்துவைத்திருக்க வேண்டும். தலைகீழாக மிதந்துகொண்டிருந்தவை ஒரு மாதத்துக்கு மேல் ஆனபின் நிமிர்ந்து, அடியில் நடக்க ஆரம்பிக்கும். அப்போது நன்னீருக்குத் திருப்ப வேண்டும். பெரியவற்றுக்கு உப்புத் தண்ணீர் ஆகாது, லார்வாவுக்கு நன்னீர் ஆகாது. பொறுமையுள்ளவர்கள் வீட்டில் செய்து வெற்றி கண்டிருக்கிறார்கள். செர்ரி குஞ்சு முதலில் தேறட்டும்.

செர்ரி பெருகி இடம் போதாமல் போனால் மிகுதியை வளர்ப்பவர்களுக்குக் கொடுங்கள். குளத்திலோ ஆற்றிலோ விடாதீர்கள். ஜெர்மனியில் வெந்நீர் கலக்கும் கில்பாக் ஓடையிலும் ஹவாய் தீவுகளிலும் இந்த இறால் குடியேறி நிலைத்துவிட்டது.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது குறைவுதான். கப்பியை மாற்றுங்கள், மாஸையும் இலையையும் சேருங்கள், கழுவுவதை நிறுத்துங்கள், தண்ணீர் மாற்றத்தைப் பத்து சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரே நாளில் பழைய முறையிலிருந்து புதியதற்குத் தாவினாலும் இதில் எதுவும் கெடுதல் செய்யாது. அடுத்த தாய்க்குக் கண்புள்ளி தெரிந்த நாளிலிருந்து பத்து நாள் தொட்டிக்குள் கையே விடாதீர்கள். குஞ்சைத் தேடுவது பகலில் வீண். விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச்சை மாஸின் பக்கவாட்டிலிருந்து சாய்வாக அடியுங்கள், நிறமில்லாத சின்னச் சின்ன கோடுகள் நகருவது தெரியும். அதற்குப் பிறகும் ஒரு ஈற்று முழுசாக அழிந்தால் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், ஜிஎச், கேஎச், டிடிஎஸ், காலை மாலை வெப்பம் இத்தனையையும் எழுதி அனுப்புங்கள். அந்த எண்களை வைத்து மேற்கொண்டு பார்ப்போம்.